இரண்டு மணி நேர நகர உலா: நம் கதைக்கு எத்தனை நிமிடம்?

மலேசியா வருகை ஆண்டு 2026-ஐ முன்னிட்டு நாட்டின் நகரங்கள் புதுப்பொலிவு பெற்று வருகின்றன. 3 கோடியே 56 லட்சம் அனைத்துலகப் பயணிகளை வரவேற்பது அரசாங்கத்தின் இலக்கு. இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை இங்கே தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கி 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கிள்ளானும் 2024 பிப்ரவரி 5-ஆம் நாள் மாநகர் தகுதி பெற்று, நகராண்மைக் கழகம் கிள்ளான் அரச மாநகர் மன்றமாகிவிட்டது.

வருகிற பயணிகளில் பலருக்கு ஓர் ஊரில் செலவிட அரை நாள்தான் கிடைக்கும். அந்த அரை நாளில் அவர்கள் நாடுவது வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் குறுகிய உலாவை. டத்தாரான் மெர்டேக்கா வட்டாரத்திலும் கிள்ளான் பழைய நகரிலும் இத்தகைய மரபு நடைகள் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. ஓர் ஊரைப் பற்றி அந்த இரண்டு மணி நேரத்தில் கேட்டதுதான் பெரும்பாலான பயணிகளுக்கு அந்த ஊரின் வரலாறு. அவர்கள் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை.

அதனால்தான் ஒரு மாணவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் எங்கே வருகிறோம்? எப்படி வருகிறோம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நான் பண்டமாரானில் வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம். கடந்த விடுமுறையில் கிள்ளான் நகரில் ஒரு வழிகாட்டி நடையில் நானும் சேர்ந்துகொண்டேன். நடத்தியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்களை அழைத்துச் சென்ற அக்கா சுறுசுறுப்பானவர், வெயிலில் ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. ஆனால் நடை நடக்க நடக்க அதன் கட்டமைப்பு எனக்குப் புரியத் தொடங்கியது.

மொத்தம் 120 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சாலையைக் கடக்கவும் நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் 40 நிமிடம் போய்விடும். மீதி 80 நிமிடத்தில் பத்து இடங்களைக் காட்ட வேண்டுமென்றால் ஓர் இடத்துக்கு 8 நிமிடம். அதில் படம் எடுப்பதற்கு 3 நிமிடம். எனவே ஓர் இடத்தின் நூறாண்டு வரலாற்றுக்கு மிஞ்சுவது 5 நிமிடம்.

எந்தப் பத்து இடங்கள் என்பதையும் வரலாறு மட்டும் முடிவு செய்வதில்லை. கூட்டம் நிற்க நிழல் வேண்டும். அருகருகே இருக்க வேண்டும். படத்தில் அழகாக விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஒரு கட்டடம் இன்னமும் நின்றுகொண்டிருக்க வேண்டும். கட்டடம் இருக்கும் இடத்தில்தான் உலா நிற்கும், உலா நிற்கும் இடத்தில்தான் கதை வரும்.

கட்டடங்களை விட்டுச் சென்றவர்கள் யார்? அரசர்கள், ஆங்கிலேய அதிகாரிகள், வங்கிகள், பெருவணிகர்கள். கிள்ளானில் இன்று அரச கலைக்கூடமாக இருக்கும் வெண்ணிறக் கட்டடம் 1909-இல் கட்டப்பட்டது. ராஜா அப்துல்லாவின் கிடங்கு 1857-ஐச் சேர்ந்தது. சுல்தான் சுலைமான் பள்ளிவாசல் 1930-களில் எழுந்தது. இஸ்தானா ஆலம் ஷா 1950-இல் கட்டப்பட்டது. இவை எல்லாம் பார்க்க வேண்டியவை, பெருமைப்பட வேண்டியவை. பால்மரம் சீவியவனும் தண்டவாளம் போட்டவனும் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவனும் விட்டுச் சென்றது லயத்து வீடுகளையும் பலகை வீடுகளையும்தான். அவை இடிந்துவிட்டன, அல்லது இடிக்கப்பட்டுவிட்டன. நிற்பதற்கு இடம் இல்லாததால் அவர்களின் கதை உலாவில் வருவதில்லை. யாரும் திட்டமிட்டு ஒதுக்காமலே இது நடந்துவிடுகிறது.

கோயில், சாப்பாடு, சேலை

உலாக்களில் நாம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கோலாலம்பூரின் அரை நாள் சுற்றுலாவில் பத்துமலை தவறாமல் இடம்பெறும். 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் 272 படிகளும் இரட்டைக் கோபுரத்துக்கு அடுத்தபடியாக அதிகம் படம் எடுக்கப்படும் காட்சிகளில் அடங்கும். பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியா 2010-இல் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் தொடங்கி வைக்கப்பட்டது. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளும் துணிக்கடைகளும் எந்தப் பயணியையும் ஈர்க்கும்.

ஆனால் இங்கெல்லாம் நாம் மூன்று வடிவங்களில் மட்டுமே வருகிறோம். கோயிலாக, சாப்பாடாக, சேலையாக. வண்ணமாக வருகிறோம், உழைப்பாக வருவதில்லை. திருவிழாவாக வருகிறோம்; நாட்டை உருவாக்கியவர்களாக வருவதில்லை.

நான் சென்ற நடையில் இது தெளிவாகத் தெரிந்தது. லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரமும் முறுக்கும் பற்றி நல்ல விளக்கம் கிடைத்தது. உடன் வந்த வெளிநாட்டுத் தம்பதியர் இருவரும், “இந்தியர்கள் இந்த ஊருக்கு எப்போது, எதற்காக வந்தார்கள்?” என்று கேட்டார்கள். ரப்பர் தோட்டங்களில் வேலை செய்ய ஆங்கிலேயர் அழைத்து வந்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் பதில் முடிந்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் நாம் யாரோ கொண்டு வந்து இறக்கிய சரக்கு போல இருக்கிறோம். வந்த பிறகு என்ன செய்தோம் என்பது அதில் இல்லை.

பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கோயில் உருவாகக் காரணமானவர் கா. தம்புசாமிப் பிள்ளை. 1873-இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவரே. இதை வழிகாட்டிகள் சொல்வார்கள். அதே தம்புசாமிப் பிள்ளை லோக் இயூ, யாப் குவான் செங் ஆகிய சீனப் பெரியவர்களோடு சேர்ந்து 1893-இல் விக்டோரியா கல்விக்கூடம் உருவாகத் துணை நின்றவர்களில் ஒருவர். அதைச் சேர்த்துச் சொன்னால் அவர் கோயில் கட்டிய பக்தராக மட்டும் இல்லாமல், ஒரு நகரத்தின் கல்விக்கு அடித்தளம் போட்டவராகவும் தெரிவார். சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

அதே பாதையில் வேறு வாக்கியங்கள்

“எங்களுக்கும் தனியாக ஓர் இடம் ஒதுக்குங்கள்” என்று ஒவ்வொரு சமூகமும் கேட்டால் இரண்டு மணி நேர உலா இருபது மணி நேரமாகிவிடும். ஈயம் தோண்டிய சீனர்கள், சதுப்பு நிலங்களைத் திருத்திப் பயிரிட்ட ஜாவானியர்கள், இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே இங்கு வாழும் ஒராங் அஸ்லி மக்கள் என்று விடுபட்டவர்கள் பலர் உண்டு. ஆகவே நிறுத்தங்களைக் கூட்டச் சொல்வதில் பயனில்லை. இருக்கிற நிறுத்தங்களிலேயே ஒன்றிரண்டு வாக்கியங்களைச் சேர்க்க முடியுமா என்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற கேள்வி. கிள்ளானில் முடியும். மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, இரயில் நிலையம். கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றின் மறுகரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையில் 1886-இல் இரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றைக் கடந்து, பின்னர் துறைமுகம் வரை பாதை நீண்டது. மலாயா இரயில்வேயில் தண்டவாளம் போட்டுப் பராமரித்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் ஏராளம். இன்று கொமுட்டர் இரயிலில் வந்து இறங்கும் பயணி அந்தப் பழைய வழித்தடத்தில்தான் வந்திருக்கிறார். இதைச் சொல்லத் தனி நினைவுச்சின்னம் தேவையில்லை.

இரண்டாவது, ஒரு சாதாரண வடிகால். இன்றைய கிள்ளான் துறைமுகம் 1901 செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் அமைந்ததால் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா தலைவிரித்தாடியது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது. கொசுவின் வழியாக மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் அந்தப் புதிய அறிவை நம்பி, சதுப்பை வடிக்கக் கால்வாய்கள் வெட்டச் செய்தார். சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் மரணங்கள் பெருமளவு குறைந்தன. உலகப் பொதுச் சுகாதார வரலாற்றில் இடம்பெற்ற சாதனை இது, நம் ஊரில் நடந்தது. வாட்சனின் பெயர் நூல்களில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் இல்லை. அந்தத் துறைமுகம் இன்று உலகின் முன்னணிக் கொள்கலன் துறைமுகங்களில் ஒன்று.

மூன்றாவது, 1941-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பாட்டாளிகள் வேலையை நிறுத்திய ஆண்டு அது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரும் பத்திரிகையாளருமான ஆர்.எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்களின் கோரிக்கைகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை. இவற்றோடு இன்னொன்று: துரைமார் எதிரில் வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயத்தை நீக்க வேண்டும். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வரவழைக்கப்பட்டன, பாட்டாளிகள் ஐவர் உயிரிழந்தனர்.

கிள்ளான் நகரில் 1961-இல் திறக்கப்பட்ட இரட்டை அடுக்குப் பாலம் இருக்கிறது. மேல் அடுக்கு வாகனங்களுக்கும் கீழ் அடுக்கு நடந்து செல்வோருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் கட்டப்பட்டது. இந்தப் பாலத்தை உலாக்கள் கட்டடக்கலைக்காகக் காட்டுகின்றன. கீழ் அடுக்கில் நின்று, இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே வட்டாரத்தில் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமல் போவதற்கே போராட வேண்டியிருந்தது என்று ஒரு வழிகாட்டி சொன்னால், கேட்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் மறக்க மாட்டார்.

பட்டியலில் இருந்தது பிழைத்தது

“இது சுற்றுலாதானே, வரலாற்றுப் பாடமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஓர் இடம் மக்களின் நினைவிலும் உலாப் பாதையிலும் இருப்பதற்கும் அது இடிக்கப்படாமல் பிழைப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே இதற்குச் சான்று.

அங்கே 1904-ஐச் சேர்ந்த விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. 2014-இல் அந்த நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியானபோது பொதுமக்கள் எதிர்த்தார்கள், கையெழுத்து திரட்டினார்கள். 2016-இல் அது தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இடமானது. அதே பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்களுக்காக 1905-இல் கட்டப்பட்ட நூறு வீடுகள் இருந்தன. ‘ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்றால் பழைய தலைமுறைக்கு உடனே தெரியும். இன்று அந்த வீடுகள் இல்லை, இடிக்கப்பட்டுவிட்டன.

இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வட்டாரம். முன்னதற்கு ஒரு பெயரும் முகப்பும் அறிந்த கூட்டமும் இருந்தன. பின்னதில் இருந்தது சாதாரணத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கை. எதைக் காட்டுகிறோமோ அதை மதிக்கிறோம், எதை மதிக்கிறோமோ அதைத்தான் காப்பாற்றுகிறோம். வருகை ஆண்டை ஒட்டி இப்போது வகுக்கப்படும் பாதைகளும் அச்சிடப்படும் கையேடுகளும் அடுத்த பத்து, இருபது ஆண்டுகளுக்கு நிலைத்துவிடக்கூடும். ஆகவே பேச வேண்டிய நேரம் இதுதான்.

மற்ற நகரங்கள் காட்டும் வழி

சென்னையில் 2004-இல் எழுத்தாளர் எஸ். முத்தையாவும் நண்பர்களும் ‘மெட்ராஸ் தினம்’ கொண்டாட்டத்தைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய நாள்களில் ஆர்வலர்களும் மாணவர்களும் தங்கள் பேட்டைகளில் மரபு நடைகளை நடத்துகிறார்கள். அரசாங்கம் ஏற்பாடு செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இலண்டனில் 2010 முதல் ‘அன்சீன் டூர்ஸ்’ என்ற அமைப்பு, வீடின்றித் தெருவில் வாழ்ந்த அனுபவமுள்ளவர்களையே வழிகாட்டிகளாக்கி நடைகளை நடத்துகிறது. பயணி பார்ப்பது அதே இலண்டன் தெரு, ஆனால் சொல்பவர் வேறு என்பதால் கதையும் வேறாகிறது. நம் ஊரில் ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் பத்து நிமிடம் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கொள்கலன்கள் வருவதற்கு முன்பு ஒரு கப்பலை இறக்க எத்தனை பேர் வேண்டும், மழை வந்தால் மூட்டைகளை எப்படிக் காப்பாற்றுவார்கள், முதல் பாரந்தூக்கி வந்தபோது யார் யாருக்கு வேலை போனது என்று அவர் விரல் விட்டுச் சொல்வார். அவசரகாலத்தில் உருவான பண்டமாரான் புதுக்கிராமத்துச் சீனக் குடும்பங்களோடு இருந்த பழக்கவழக்கத்தையும் சொல்வார். எந்த உலாவும் பண்டமாரானில் நிற்பதில்லை. படம் எடுக்க இங்கே என்ன இருக்கிறது? ஆனால் கிள்ளான் ஏன் ஊரானது என்ற கேள்விக்கான விடையில் பாதி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்படி, சுற்றுலா வழிகாட்டியாகப் பணியாற்ற அமைச்சின் உரிமம் தேவை. அதற்குப் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும். பொது வழிகாட்டிகளுக்கு நீல நிற அடையாள அட்டையும் இயற்கைத் தலங்களுக்கான வழிகாட்டிகளுக்குப் பச்சை நிற அட்டையும் வழங்கப்படுகின்றன. எனவே நினைத்தவுடன் கொடி பிடித்துக் கட்டணம் வசூலிக்க முடியாது. ஆனால் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றும் பேசத் தெரிந்த நமக்கு இது கண்ணியமான தொழில் வாய்ப்பு. விசா இல்லாமல் வரும் தமிழ்நாட்டுப் பயணிகள், கிள்ளானின் வரலாற்றைத் தமிழிலேயே கேட்க விரும்ப மாட்டார்களா? எஸ்.பி.எம். முடித்து அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் சுற்றுலாத் துறையை விடுதி வேலையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

உரிமம் இல்லாமலே செய்யக்கூடியவையும் உண்டு. இடைநிலைப்பள்ளி வரலாற்றுக் கழகங்கள் தங்கள் வட்டாரத்தில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நூறு சொல்லில் தமிழ், மலாய், ஆங்கிலக் குறிப்பு எழுதலாம். பல்கலைக்கழக மாணவர்கள் பெரியவர்களின் நினைவுகளைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அவர்கள் அனுமதியோடு நூலகங்களில் சேர்க்கலாம். தொகுத்ததை மாநகர் மன்றத்துக்கும் வழிகாட்டிகளுக்கும் கொடுக்கலாம். பெரும்பாலான வழிகாட்டிகள் புதிய செய்தியை விரும்பி வரவேற்பார்கள். அவர்களிடம் இல்லாதது தகவல்தான், மனம் அல்ல.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். விடுபட்டோம் என்ற ஆதங்கத்தில் மிகைப்படுத்தக் கூடாது. எல்லாவற்றையும் தமிழரே கட்டினார்கள் என்று சொன்னால் நாமும் மற்றவர்களை விட்டுவிட்டவர்களாவோம். ஓர் ஆண்டைச் சொன்னால் அதற்கு ஆவணம் இருக்க வேண்டும். தாத்தா சொன்னதைத் தாத்தா சொன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். தவறான ஒரு தகவல் பிடிபட்டால், சரியான பத்துத் தகவல்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். வருகை ஆண்டு ஆண்டு இறுதியில் முடிந்துவிடும், அவர்கள் நம்மிடம் இருக்கும் காலத்துக்கு அப்படி ஒரு தேதி குறிக்கப்படவில்லை. இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் வேலை செய்த இடம் இப்போது எங்கே இருக்கிறது?” அவர் சொல்லும் இடத்துக்கு அவரையே வழிகாட்டியாக்கி ஒரு முறை நடந்து போய்விட்டு வாருங்கள். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள்.